கூடத்துப் பல்லி பேசாத கார்த்திகை

எங்கள் ஊர்க் கோவிலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் பாம்பு, தேள், பல்லி நடமாட்டம் அதிகமாக இருந்தால், கோவில் வாசலில் விற்கிற தகட்டு உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு போவார்கள். பிறகு அந்தப் பிராணி வீட்டுப் பக்கம் தலைகாட்டாது என்பது நம்பிக்கை. இப்படி நாலா பக்கத்து ஜனமும் பல்லி வரக்கூடாது என்று பஸ் ஏறி வருகிற சங்கரன்கோவிலில், கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பல்லி வாயைத் திறக்காதா என்று ஒரு குடும்பமே அண்ணாந்து உட்கார்ந்திருந்தது. அது எங்கள் குடும்பம்.

பெரியப்பா வகுத்த சட்டம் அது. கரிசல் நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்து, அவரும் அப்பாவும் சேர்ந்து விசைத்தறி போட்டபோது, கூடத்தில் உட்கார்ந்து தறி வாங்கலாமா என்று பேசி முடித்த நிமிஷத்தில் பல்லி சொல்லியதாம். தறியும் ஓடியது, வீடும் ஓடியது. அன்றிலிருந்து எந்த நல்ல காரியமானாலும் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுவார். பல்லி சொன்னால் காரியம் நடக்கும். சொல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். எனக்குக் காது குத்தியதுகூட ஒரு வருஷம் தள்ளிப்போய்த்தான் நடந்தது.

நான் சின்ன வயதிலேயே எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். இப்போதும் அப்படித்தான், அது போகட்டும். ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து, எனக்குக் காய்ச்சல் வந்து செத்துப்போனால் என் பென்சில் டப்பாவை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது மேலே பல்லி சொல்லிவிட்டது. அம்மா சிரித்துவிட்டுப் போனாள். நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். உடம்பு சுடவில்லை என்று அத்தை வந்து நெற்றியில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் எழுந்து சாப்பிட்டேன். அதன்பிறகு பேச வேண்டிய கெட்ட விஷயங்களை எல்லாம் வாசலுக்குப் போய்ப் பேசுவது என் வழக்கமாயிற்று.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். வீட்டை ஒட்டின தறி செட்டில், ஒரு மூலையில் தார் சுற்றும் மிஷின் இருந்தது. நூலைச் சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. அதைத்தான் தறிக்காரர்கள், பாவின் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போட்டு ஓட்டுவார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை அத்தை அங்கேதான். தறிகள் ஓடுகிற சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது என்பதால் அத்தை பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை உதட்டுக்கு நேரே காட்டுவாள். என்னைக் கூப்பிடக் கையைத் தட்டுவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இரவில் அவள் பக்கத்தில்தான் நான் படுப்பேன். நான் பயந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லுவேன். அவள் என் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாள். பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்கிற ஒரே ஆள் அவள்தான் என்பதால் அவளை விட்டு நான் இருக்க முடியாது என்பது என் முடிவு.

அத்தைக்கு முதலில் வந்த இரண்டு வரன்களும் பல்லியிடம் தோற்றுப்போயின. பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒன்று, பல்லி தப்பான மூலையிலிருந்து சொன்னதால் போயிற்று. இன்னொன்றுக்குப் பல்லி சொல்லவேயில்லை. அப்போதும் மழைக்காலம்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மூன்றாவதாக ராயகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. விவசாயம் பார்க்கிற குடும்பம். கார்த்திகை மாதம், ஒரேயடியாக மழை பிடித்துக்கொண்டு மேற்கு மலைப் பக்கமிருந்து குளிர் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வரன் கொண்டுவந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். குடையை வாசலில் சாத்திவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

“அண்ணாச்சி, பையன் அத்தையக் கோயில்ல வச்சுப் பாத்துட்டான். அவங்களுக்குப் பூரண சம்மதம். மார்கழி பொறக்கதுக்குள்ள சொல்லிருங்க. இல்லேன்னா அவங்க வேற எடம் பாத்துருவாங்க.”

“வே, எம் பிள்ளைக்கு அத்தைன்னா ஒமக்கும் அத்தையா?” என்றார் பெரியப்பா. “இரும். நம்ம கையில என்ன இருக்கு? பல்லி சொல்லட்டும்.”

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். அத்தை ராயகிரிக்குப் போய்விட்டால் இரவில் நான் யாரிடம் சொல்வது? ஆகவே பல்லி சொல்லக்கூடாது. பல்லி எப்போது சொல்லும், எப்போது சொல்லாது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பல்லி பார்ப்பதே வேலையாகிவிட்டது.

கூடத்தில் ஒரு பல்லி இருந்தது. தினசரிக் காலண்டரின் பின்னால் குடியிருந்தது. மெலிந்து, சுண்ணாம்பு நிறத்தில், யாரோ ஒட்டிவைத்ததுபோல அப்படியே இருக்கும். தறி செட்டில் பல பல்லிகள். அவற்றில் ஒன்று சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தடித்த வால், கறுத்த நிறம், ஓடினால் கண்ணால் தொடர முடியாது. அதன் எச்சம் துணியில் விழுந்து கறையாகிறது என்று தறிக்காரர்கள் தினமும் திட்டுவார்கள். ஒரே வீடு, ஒரே மழை, ஒரே ஈசல். ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு திரிகிறது. இன்னொன்று கும்பகர்ணனாகக் கிடக்கிறது. எனக்கு இது பெரிய புதிராக இருந்தது.

பெரியப்பாவிடம் கேட்டேன். செட்டுப் பல்லிதான் நாளெல்லாம் சொல்லுகிறதே, அதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “அது கூலிக்காரப் பல்லிட்டி. வீட்டுப் பல்லி சொன்னாத்தான் வீட்டுக்கு.”

அம்மா அடுப்படியிலிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பல்லி சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. தார் சுத்த ஒரு ஆளு இருக்கு, சம்பளமும் கெடையாது” என்றாள். அதற்கும் பல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா சம்பந்தமில்லாமல் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அதே மிஷின் முன்னால், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு நான் உட்காரப் போகிறேன் என்பதும் அப்போது தெரியாது.

ஒரு சாயங்காலம் கூடத்தில் ஒரு விட்டில் பூச்சி, பல்லியின் மூக்குக்கு எதிரே போய் உட்கார்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பல்லி அதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பூச்சிக்கே அலுத்துப்போய்ப் பறந்துவிட்டது. பசிக்காதோ, நோயோ என்று எனக்குப் பல்லியைப் பற்றியும் கவலை வந்துவிட்டது. பிறகொரு நாள் எப்படியோ ஒரு ஈசலைப் பிடித்து விழுங்கிவிட்டது. பல்லியின் வயிறு மெல்லிய தோல்தானே, தின்றது கறுப்பாக வெளியே தெரியும். மறுநாள் காலையில் பார்த்தேன். அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன், அப்போதும் இருந்தது. செட்டுப் பல்லி வயிறு முட்டத் தின்று, விடிவதற்குள் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு மறுபடியும் வாயைப் பிளந்துகொண்டு திரியும்.

அம்மாவுக்கு ஊர் திருவேங்கடம் பக்கம். அவளிடம் கேட்டபோது பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“எங்க ஊர்க் கரிசக்காட்டுல ஓணானப் பாத்திருக்கியா? காலையில கல்லு மேல ஏறிச் செத்ததுபோலக் கெடக்கும். கையால புடிச்சுரலாம். வெயிலு கொஞ்சம் ஏறட்டும், கல்லெறிஞ்சாலும் படாது. உச்சி வெயிலுக்கு அதுவும் தாங்காது, நெழலுக்கு ஓடிரும்.”

“ஏம்மா?”

“அதுக்கு ஒடம்புல அடுப்பு கெடையாதுட்டி. வெளியதான் பத்தவைக்கணும்.”

இதை நான் அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். செட்டுக்குள் போய்ச் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. தறிக்குமேல் தொங்குகிற குண்டு பல்பின் கிட்டே கையைக் கொண்டுபோனால் இன்னும் சூடு. மோட்டார்கள் ஓடி ஓடி அந்த அறைக்கே மழைக்காலம் கிடையாது. அங்கிருந்து கூடத்துக்கு வந்து காலண்டரை விலக்கி அதே கையை வைத்தேன். ஈரச் சாக்கைத் தொட்ட மாதிரி இருந்தது. டியூப்லைட்டோ எதிர்ச் சுவரில் இருந்தது. நாற்காலிமேல் ஏறி அதன் சோக்கைத் தொட்டுப் பார்த்தேன். அது மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு.

என் மகள் இப்போது இதையெல்லாம் பாடமாகப் படிக்கிறாள். அவள் சத்தம்போட்டு வாசிக்கும்போது நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நம் உடம்பு தின்ற சோற்றை எரித்துத் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறதாம். அதற்காகத்தான் மூன்று வேளையும் நமக்குச் சோறு. பல்லி சூட்டை வெயிலிலிருந்தும் சுவரிலிருந்தும் வாங்கிக்கொள்கிறது. சுவர் சூடானால் அதன் உள்வேலை எல்லாம் வேகம் பிடிக்கும். சுவர் குளிர்ந்தால் ஓட்டம், வேட்டை, செரிமானம், குரல் எல்லாமே மந்தமாகிவிடும். ஆனால் அப்படிக் கிடக்கிறபோது அதற்குச் சாப்பாடும் அதிகம் வேண்டாம், சும்மாவே நாளைக் கடத்திவிடும். ஒருமுறை கொடைக்கானலுக்குப் போய்த் தங்கியபோது அறைச் சுவரில் ஒரு பல்லிகூட என் கண்ணில் படவில்லை. மற்றவர்கள் ஏரியைப் பார்க்கப் போனார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரைத் தொட்டுப் பார்த்த அன்று இரவே, படுக்கையில் நான் கண்டுபிடித்ததை அத்தையிடம் சொன்னேன். குளிர் இருக்கிறவரை கூடத்துப் பல்லி சொல்லாது, மழை மார்கழிவரை விடாது, அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொன்னேன். வழக்கமாக என் முதுகில் தட்டிக்கொண்டிருக்கும் கை நின்றுவிட்டது.

“சூடு இருந்தா சொல்லுமா?” என்று அத்தை கேட்டாள்.

“சொல்லும்த்தே. செட்டுல பாருங்க, வாய மூடுதா?”

“எந்த எடம் ரொம்பச் சூடு?”

குண்டு பல்பின் கிட்டே என்றேன். கைவைத்துப் பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அத்தை இவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவளும் என்னைப்போலவே பயந்துபோயிருக்கிறாள் என்று பரிதாபமாகவும் இருந்தது.

என்றாலும் எனக்குப் பல்லியின்மீது முழு நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை அத்தையோடு கோவிலுக்குப் போனபோது தகட்டு உருவம் விற்கிற அம்மாளின் தட்டிலிருந்து ஒரு பல்லியை எடுத்துக்கொண்டேன். உண்டியலில் போட்டுவிட்டால் கூடத்துப் பல்லி வீட்டைவிட்டே போய்விடும், கதை முடிந்தது. அத்தை என் கையைப் பார்த்தாள். பல்லியை வாங்கித் தட்டில் திரும்ப வைத்துவிட்டு ஒரு தேளை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நம்ம வீட்ல தேளு எங்கத்தே இருக்கு?”

“இனிமேலும் வராம இருக்கட்டும். போடு.”

போட்டேன். தேள் இல்லாத வீட்டுக்காகத் தேளை வேண்டிக்கொள்வது சாமியைக் குழப்பிவிடாதா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் பார்த்ததுதான் முக்கியம். அத்தை யாருமில்லாத நேரத்தில் நாற்காலியைப் போட்டு ஏறி, டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோக்கில் இருந்த கொஞ்சம் வெதுவெதுப்பையும் அணைத்துவிட்டாள், இனிப் பல்லி வாயே திறக்காது. அத்தைக்கு இவ்வளவு மூளையா என்று வியந்துபோனேன்.

அப்பா வந்து சுவிட்சைப் போட்டார். “என்ன, டியூப்லைட் போச்சா?”

“ஸ்டார்ட்டர் போயிருக்கும்ணே. மழை விடட்டும், வாங்கிக்கிடலாம்” என்ற அத்தை, செட்டிலிருந்து பெரிய குண்டு பல்பு ஒன்றை வயரோடு கொண்டுவந்தாள். அதைக் காலண்டர் ஆணியிலேயே, காலண்டருக்கு ஒட்டித் தொங்கவிட்டாள். கூடம் மஞ்சளாக எரிந்தது.

எனக்குப் பகீரென்றது. பாவம், நான் அவ்வளவு சொல்லியும் அத்தைக்கு மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் போய்ச் சேலையை இழுத்தேன்.

“அத்தே, இது அதவிடச் சூடுத்தே.”

“அப்படியாட்டி?” என்றாள் அத்தை. பல்பை இன்னும் கொஞ்சம் காலண்டர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் பகலிலும் அந்த பல்பு எரிந்தது. பெரியப்பா கேட்டார், “பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?”

“மழை மூட்டமா இருக்கு. பிள்ள இருட்டுன்னு பயப்படுதாண்ணே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பயந்தாங்கொள்ளி என்பது தெருவுக்கே தெரியும் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நான் பயந்தது இருட்டுக்கு அல்ல, வெளிச்சத்துக்கு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அத்தை மாட்டிக்கொள்வாள். அம்மா மட்டும் பல்பைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெளிச்சத்துக்கு ஈசல் வந்து குவிந்தது. காலண்டருக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் பல்லி முழுவதுமாக வெளியே வந்து, பல்புக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு ஈசலைப் பிடித்தது. இன்னொன்றைப் பிடித்தது. அன்று பூராவும் நான் அதை விட்டு நகரவில்லை. சுண்ணாம்பு நிறம் மாறிக் கறுத்துக்கொண்டே வந்ததையும், வயிற்றில் தின்ற கறுப்பு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்திருந்ததையும் பார்த்தேன். எனக்கு அழுகை ஒரு பக்கம். நான் நினைத்தது அத்தனையும் சரியாக நடக்கிறதே என்கிற ஆச்சரியம் ஒரு பக்கம்.

அன்று சாயங்காலம் ராயகிரிச் செய்தியோடு அந்தச் சொந்தக்காரர் மறுபடியும் வந்தார். பெரியப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்ல மாட்டேங்குதே வே. நான் என்ன செய்ய? நமக்குக் கொடுப்பினை இல்லன்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான். ராயகிரிக்கு நம்ம பிள்ளையக் கொடுக்கலாம்னுதான் எனக்கும் ஆசை…”

அவர் வாயை மூடவில்லை. காலண்டர் பக்கமிருந்து பல்லி சொல்லியது. ஒன்றன்பின் ஒன்றாக, நன்றாக, நாக்கைச் சப்புக்கொட்டி, செட்டுப் பல்லிகூட அப்படிச் சொன்னதில்லை.

பெரியப்பா பல்லியைப் பார்த்தார். பிறகு பல்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல மூலைதான் அண்ணாச்சி” என்றார் வந்தவர்.

“மூலை நல்ல மூலைதான்” என்றார் பெரியப்பா. அவர் போட்ட சட்டம். வேறென்ன சொல்ல முடியும்?

நான் ஓவென்று அழுதேன். அத்தையைப் பிரியப் போகிற துக்கம் என்று அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அது பாதிதான். அத்தையைக் காப்பாற்ற நான் இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் அவளே விவரம் தெரியாமல் கெடுத்துக்கொண்டாளே என்பதுதான் மீதி. அடுப்படி நிலையில் நின்ற அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தீர்களா, அவளுக்கும் இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று இன்னும் சத்தமாக அழுதேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பங்குனியில் அம்மாவோடு ராயகிரிக்குப் போனேன். தெருமுனையில் திரும்பும்போதே ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. தென்னந்தோப்பில் நிற்கிற யாரையோ, மாட்டைப் பிடித்துக் கட்டச் சொல்லி அதட்டுகிற குரல். “எய்யா, அங்கன என்ன வேடிக்கை, கயித்தப் புடிங்க” என்று. வாசலுக்கு வந்து பார்த்தால் அத்தை. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் பேசிக்கொண்டே இருந்தாள். மாமியாரிடம் பேசினாள், கோழியிடம் பேசினாள். மாமாவைக் கேலி செய்தாள். கையால் ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. அவளும் அவள் மாமியாரும் முற்றத்தில் நின்று சிரித்தால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு அங்கே சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“யம்மா, அத்த ஏன் அப்படிக் கத்திக் கத்திப் பேசுதாங்க? தறிச் சத்தத்துல காது போயிருக்குமோ?”

அம்மா, “இருக்கும், இருக்கும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு எனக்கு நிம்மதியில்லை. காது கேட்காமல் அந்தப் பெரிய வீட்டில் அத்தை என்ன பாடுபடுவாளோ என்று ஒவ்வொரு இரவும் தனியாகப் படுத்துக் கவலைப்பட்டேன். எனக்குக் காதுவலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து மாடத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அப்பா என்னை ராயகிரிக்குக் கூட்டிப்போனார். மருந்தைப் பாவாடை மடிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து அத்தையை உள்ளே இழுத்துப்போய்க் கையில் கொடுத்தேன்.

“என்னதுட்டி இது?”

“காதுக்கு விடணும்த்தே. சரியாப் போயிரும். யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். என்னைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “மாமா, இங்கன வாங்களேன், எம் மருமவ வைத்தியம் பாக்க வந்திருக்கா” என்று வீடே அதிரக் கூப்பிட்டாள்.

நான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் எப்போது சிரித்து முடித்துத் தலையைச் சாய்ப்பாள் என்று காத்திருந்தேன்.